பெறப்பட்டது

லியாண்டர் முதலில் கேட்டது ஒரே ஒரு சொல்:
"யார்?"

இருநூற்றுப் பன்னிரண்டாம் வரியில் எழுதியிருந்தேன்,
செய்தி படகை எட்டியதும் அனுப்பியவர் திரையில்
பச்சையாய் "பெறப்பட்டது" எனக் காட்டு என்று.
அவ்வளவுதான்.
அதற்கு நாற்பத்தொரு பதில்கள்.

அவன் போனவிஸ்டாவில். நான் க்ளாக்ஸ்விக்கில்.
நடுவே ஓர் அட்லாண்டிக், மூன்றரை மணி நேரம்.
பிப்ரவரியில் என் சன்னல் இருட்டும்போது
அவன் மதியச் சூப்பைச் சூடாக்குவான்.

முப்பது படகுகள் எங்கள் மென்பொருளைச் சுமக்கின்றன:
காட் மீன், ஐஸ், டீசல், அப்புறம் நாங்கள்.
செயற்கைக்கோளுக்கு எழுத்துக் கணக்கில் காசு.
ஆகவே எல்லாரும் தந்தி மாதிரிப் பேசுவார்கள்.
"மீன் ஒன்பது டன். வயிற்றுவலி. முத்தம்."
இது ஒரு சமையற்காரர் மனைவிக்கு எழுதிய
மாதக் கடிதம், முழுசாக.

லியாண்டர் எழுதினான்:
"படகு பெற்றதா, ஆள் பெற்றானா?
கதவிடுக்கில் செருகிய கடிதத்தை
வீடா படிக்கும்?"
இது மென்பொருள், தத்துவ வகுப்பு இல்லை என்றேன்.
அவன் சிரிக்கும் முகம் ஒன்றை வைத்தான்.
அதை நான் ஏளனம் என்று படித்தேன்.

பிறகு என் பதில்கள் குட்டையாகிக்கொண்டே போயின.
"பார்க்கிறேன்."
"தெரியும்."
"சரி."

அந்தச் சரிக்குப் பின்னால் நான் வைத்த புள்ளியை
இரண்டு நாள் சுமந்து திரிந்திருக்கிறான்.
கதவை அறைந்து சாத்தியது போல் இருந்ததாம்.
எனக்கோ
வாக்கியம் முடிந்திருந்தது.

பதினேழாம் தேதி இரவு வடமேற்குக் காற்று.
என் தம்பி ஏய்டுன் ஐஸ்லாந்துப் பக்கம் போயிருந்தான்.
"புயல். திரும்பு" என்று அனுப்பினேன்.
நாலு நொடி. பச்சை.
விளக்கை அணைத்துத் தூங்கிப்போனேன்,
நானே எழுதிய வரியை நம்பி.

ஒன்றும் ஆகவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.
காற்று தெற்கே ஒதுங்கிப் போயிற்று.
மூன்றாம் நாள் துறையில் வைத்துக் கேட்டேன்.
கையுறையைப் பல்லால் கழற்றிக்கொண்டே
"ஓ, அதுவா? காலையில்தான் பார்த்தேன்" என்றான் ஏய்டுன்.
"திரைமேல் எவனோ ஈர ஸ்வெட்டரைக் காயப்போட்டிருந்தான்."

ஒரு ஸ்வெட்டரின் முதுகுக்குப் பின்னால்
திரும்பு, திரும்பு என்று
விடிய விடிய எரிந்திருக்கிறது என் சொல்.

ஒளிந்துகொள்ள எத்தனை இடம், செயப்பாட்டு வினைக்குள்.
அனுப்பப்பட்டது. பெறப்பட்டது. கவனத்தில் கொள்ளப்பட்டது.
ஆள் நடமாட்டமே இல்லாமல்
விளக்கு மட்டும் எரிகிற அலுவலகம்.

அன்றிரவு லியாண்டரை முதன்முறையாகக் குரலில் அழைத்தேன்.
எழுத்தில் மூச்சு விடாமல் வாதாடியவன்
குரலில் திக்கினான்.
சில சொற்களுக்கு முன் நின்று, பார்த்து,
பள்ளத்தைச் சுற்றிப் போவது போல்
வேறு சொல் வழியாகப் போனான்.
பின்னால் கெண்டி சீழ்க்கையடித்துக்கொண்டே இருந்தது,
அணைக்க அவன் எழுந்து போகவில்லை.

ஸ்வெட்டர் கதையைச் சொல்லி முடித்தேன்.
வெகு நேரம் ஒன்றும் வரவில்லை.
இணைப்பு அறுந்துவிட்டதோ என்று
"கேட்கிறதா?" என்றேன்.
"கேட்கிறேன்" என்றான்.

அஃறிணையில் கேட்ட கேள்விக்கு
தன்மையில் ஒரு பதில்.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று
அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்த வரி இரண்டாகிவிட்டது.
"கருவிக்கு வந்தது" என்றால் சாம்பல் நிறம்.
"ஆள் தொட்டார்" என்றால் பச்சை.
தொட்டவர் படித்தாரா, படித்தவருக்குப் புரிந்ததா என்று
லியாண்டர் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான்.
ஆரம்பிக்கட்டும்.

மாற்றத்தைச் சேர்க்கும்போது
என்ன செய்தோம் என்று ஒரு குறிப்பு எழுதுவது வழக்கம்.
எழுதினேன்:
பொய் கொஞ்சம் குறைக்கப்பட்டது

போனவிஸ்டாவிலிருந்து உடனே வந்தது:
"யாரால்?"

என்னால், என்று அடித்துவிட்டு
புள்ளி வைக்கலாமா வேண்டாமா என்று
விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருக்கிறேன்