ஈரம் துடைப்பவன்

கூடைக்குக் கீழே, விளம்பரப் பலகையை ஒட்டி
ஒரு குட்டை ஸ்டூல். அது என்னுடையது.
பகலில் பால் தொழிற்சாலையில்
தயிர் டப்பாக்களுக்கு மூடி எண்ணுகிறேன்.
மாலையில் வியர்வை துடைக்கிறேன்.
ஒருவன் விழுந்து எழுந்ததும் ஓடிப்போய்
பந்து திரும்பி வருவதற்குள்
துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.
நடுவர்களுக்கு என் முகம் தெரியாது.
துடைப்பானைத் தெரியும்.

பனேவெஜிஸில் அந்த ஜனவரி மைனஸ் பதினேழு.
பதினான்கு ஆட்டங்களில் பதினொன்று வென்றிருந்தோம்.
வென்றிருந்தோம் என்றுதான் சொல்வேன்,
அணியின் படத்தில் நான் இல்லாவிட்டாலும்.

எய்மந்தாஸ் இரண்டு மீட்டர் உயரம்.
குதித்து இறங்கும்போது
குழந்தை தூங்கும் அறைக்குள் வருகிறவன்போல
சத்தமில்லாமல் இறங்குவான்.
அத்தனை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்காது.

அன்று கேட்டது.
மூன்றாவது கால்பகுதி, நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி மீதி.
யாரும் அவனைத் தொடவில்லை.
நனைந்த துண்டை உதறியதுபோல ஒரு சத்தம்.
அவன் கத்தவில்லை.
குதிகாலை யாரோ மிதித்துவிட்டதாக நினைத்து
கோபத்தோடு திரும்பிப் பார்த்தான்.
பின்னால் யாருமில்லை.
நான் இருந்தேன்.

ஸ்ட்ரெச்சர் போனபின்
நடுவர் தரையைக் காட்டி விரல் சொடுக்கினார்.
போனேன்.
நாலாயிரம் பேர் மூச்சடக்கிப் பார்த்திருக்க
அந்த இடத்தைத் துடைத்தேன்,
நன்றாக, இரண்டு முறை.
ஸ்டூலுக்குத் திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது:
முன்பே அங்கே ஈரம் இருந்ததா என்று
இனி யாரும் சொல்ல முடியாது.

யாரும் கேட்கவுமில்லை.
நாண் அறுந்தது, வயது முப்பத்தொன்று,
வாரம் மூன்று ஆட்டம் ஆடினால் இப்படித்தான் என்றார் மருத்துவர்.
வீட்டில் அந்தக் காட்சியை நாற்பது முறை ஓட்டினேன்.
அவன் காலடியில் ஒரு மினுக்கம்.
"விளக்கு வெளிச்சம். அணைத்துவிட்டு வந்து படு"
என்றாள் ஆஸ்த்ரா, போர்வைக்குள்ளிருந்து.

பிறகு எட்டுத் தோல்விகள், வரிசையாக.
மெம்ஃபிஸிலிருந்து வந்திருந்த டெவான்டே
பிப்ரவரியில் துருக்கி அணிக்குப் போய்விட்டான்,
என் கையில் ஒரு ஜோடி புதுக் காலுறையைத் திணித்துவிட்டு.
எய்மந்தாஸின் இடத்தில் பத்தொன்பது வயது யொகூபாஸ்,
பந்தைத் தன் காலிலேயே அடித்துக்கொண்டு
கூட்டத்துக்கு முன்னால் தானே சிரித்தான்.
சாசேஜ் கடை தாங்குவோலே பாதி ரொட்டிதான் வாங்கிவந்தாள்.
முரசடிப்பவர்களில் ஒருவர்
இடைவேளையிலேயே கோட்டு மாட்டினார்.
தோற்கிற அணிக்கு வியர்வை அதிகம்.
எனக்கு மட்டும் வேலை கூடியது.

மூன்றாம் எண் பேருந்தின் பக்கவாட்டில்
வங்கி விளம்பரத்துக்காக எய்மந்தாஸ் குதித்துக்கொண்டே இருந்தான்.
சேறும் உப்பும் தெறித்த அந்த மாதங்களிலும்
அவன் மட்டும் இறங்கவேயில்லை.
காலை ஆறு பத்துக்கு
அவன் முழங்காலுக்குப் பின்னால் உட்கார்ந்து
தயிருக்குப் போவேன்.

மார்ச்சில் ஒருநாள் ஊன்றுகோலோடு வந்தான்.
ரப்பர் முனைகளில் ஒட்டியிருந்த பனி கரைந்து
மைதானத்தில் சின்னச் சின்ன வட்டங்கள்.
அவன் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனேன்.
அந்த இடத்தில் நின்றான்.
கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.
"ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுகிறதே, சரிசெய்யச் சொல்லேன்"
என்றான் அவன்.
சொல்கிறேன் என்றேன்.

ஒன்பதாவது இடத்தில் முடித்தோம்.
எட்டுப் பேர்தான் மேலே போவார்கள்.

மே மாதம், பணிமனை வாசலில்
இரண்டு பேர் வெந்நீரும் சுரண்டியுமாக
பேருந்திலிருந்து அவனை உரித்தார்கள்.
முதலில் பந்து போயிற்று. பிறகு கை, முகம்.
பீடி அளவுக்குச் சுருண்டு சுருண்டு விழுந்தது சட்டை.
மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் போனபோது
காலணிகள் மட்டும் மிச்சமிருந்தன,
கீழே தரையில்லாமல்.

அவற்றின் கீழிருந்து தண்ணீர் வழிந்தது.
என் கையில் துடைப்பான் இல்லை.