குருடன்

ஏழு நாள் விடுமுறையில்
மூன்றாம் நாளே என் நகங்களைப் பார்த்து
மார்லீன் சொல்லிவிட்டாள்:
நீ கடலுக்கு வரவில்லை,
கல் புரட்ட வந்திருக்கிறாய்.

உண்மைதான்.
லெஸ்வோஸில் ஒலிவ மரங்களைவிடக் கற்கள் அதிகம்.
சரிவுக்குச் சரிவு யாரோ அடுக்கிய சுவர்கள்,
சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை,
இடுக்குக்கு ஒரு குடித்தனம்.
கல்லை நம் பக்கமாகத் தூக்க வேண்டும்,
கீழே இருப்பது மறுபக்கம் ஓடிப்போக.
பார்த்த பிறகு அதே பள்ளத்தில்
அதே முகம் மேலாக வைத்துவிட வேண்டும்.
ஆண்ட்வெர்ப்பில் பதினெட்டு வருடம்
டிராம் ஓட்டியவளுக்கு இது பழக்கம்,
கிளம்பிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவது.

நாற்பத்தொரு கல்லுக்கு
இரண்டு பூரான், எறும்பு முட்டைகள்,
துருவேறிய மத்தி மீன் டப்பா,
விரலை விடச் சின்னதாய், இமையே இல்லாத
ஓர் அரணை.
அது கடிக்கவும் இல்லை, நான் சாகவும் இல்லை.

பாலத்தடியில் ஆமைகள்
ரொட்டிக்குக் கழுத்தை நீட்டின.
கேட்டு வாங்கித் தின்பதைக்
காட்டு விலங்கு என்று எழுதலாமா?
எழுதவில்லை.
ராத்திரி மனசு கேட்காமல் எழுதினேன்.

நுணல் தன் வாயால் கெடும்.
வடகரையில் கெட்டது நான்தான்.
பச்சைத் தேரையின் விசில் பின்னால் போய்
முழங்கால் மட்டும் சேறு.
எதிர்க்கரையில் துருக்கியின் விளக்குகள்,
கையை நீட்டினால் அணைத்துவிடலாம் போல.
டார்ச் வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறம்.
வெளுத்த உயிர்காப்புச் சட்டை,
என் தோளுக்குக் கூடக் காணாத அளவு.
தூக்கினேன்.
அடியில் ஈரம் காத்துக்கொண்டு
அந்தத் தேரை.
எப்படி இருந்ததோ அப்படியே
திருப்பி வைத்தேன்.
அன்று வேறெதையும் தேடவில்லை.

ஐந்தாம் நாள், அறை தந்த மிர்ஸினியின் தோட்டத்தில்
அவள் தம்பி தக்ஸியார்ஹிஸ்
புல்வெட்டும் எந்திரத்தை அணைத்துவிட்டு
என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.
காய்ந்த முட்செடிகளுக்குள்
என் கையைவிட நீளம், மணிக்கட்டுத் தடிமன்,
புதுச் செப்புக் குழாயின் நிறம்.
அவன் கையில் மண்வெட்டி.
திஃப்லீதிஸ், என்றான்.
குருடன் என்று அர்த்தம்.
யார் வைத்த பெயரோ,
அது எங்களை மாறி மாறிப் பார்த்தது,
பிறகு ஒரு கண்ணை
மெதுவாக மூடித் திறந்தது.

பாம்பு கண் சிமிட்டாது.

குனிந்து இரண்டு கையாலும் எடுத்தேன்.
கடிக்கவில்லை, அதைவிட மோசம்.
முழங்கை வரை மலம்,
விமானம் ஏறும்வரை போகாத நாற்றம்.
தக்ஸியார்ஹிஸ் சிரித்த சிரிப்பில்
மண்வெட்டி தானாகக் கீழே விழுந்தது.

பாம்பின் கால் பாம்பறியும்.
இது பாம்பில்லை என்பதால்
எங்களுக்கும் காட்டியது:
வால் தொடங்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாய்,
அரிசி நொய் அளவுக் கால்கள்.
நடக்க உதவாது, நிற்க உதவாது.
எப்போதோ விற்றுத் தின்ற நிலத்தின்
ரசீது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தான்.
எத்தனை கொன்றிருப்பேன் தெரியுமா, என்றான்.
பெருமையா வருத்தமா,
எனக்குத் தெரிந்த கிரேக்கத்தில்
பிரித்தறிய முடியவில்லை.
கொல்லாதே என்று நான் சொல்லவும் இல்லை.
ஒரு வாரத்துக்கு வந்தவள்.
சுவரடியில் விட்டேன், அவசரமில்லாமல்
கல்லுக்குள் ஊற்றினாற்போல் போயிற்று.

கடைசிக் காலை.
மார்லீன் பெட்டிமேல் உட்கார்ந்து ஜிப்பை இழுக்கிறாள்.
கீழ்ச் சரிவில் எந்திரத்தின் இரைச்சல்.
நடுவில் ஒருமுறை நின்றது.
நான் எண்ணத் தொடங்கினேன்.
கல்லில் பட்டிருக்கலாம்.
பெட்ரோல் தீர்ந்திருக்கலாம்.
பதினொன்று, பன்னிரண்டு.
சிகரெட் பற்றவைக்கிறானாயிருக்கும்.
முப்பதைத் தாண்டியதும்
மறுபடி ஓடத் தொடங்கியது,
சற்றுத் தள்ளி.