எலும்பு மாதிரி

பெரியாஸ்பத்திரி ஸ்கேன் அறையிலிருந்து
ஒரு தொடையெலும்பு வந்து சேர்ந்தது,
பென்டிரைவில்.
மாதையன், நாற்பத்தாறு.
பென்னாகரம் தாண்டி ஒரு கொட்டாய்.
குனிந்தால் நிமிர முடியவில்லை.
தொழில் என்ற இடத்தில் டாக்டரின் கிறுக்கல்:
போர் வண்டி.

இருபது வருஷம் அடுத்தவர் நிலத்தில்
ஆழம் பார்த்த ஆள்.
முந்நூறு அடியில் வராத தண்ணீர்
எழுநூறில் வரும், சில காட்டில் ஆயிரத்தில்.
வந்ததும் முதல் செம்பை
வண்டிக்காரருக்குத்தான் நீட்டுவார்களாம்.

நான் கம்ப்யூட்டரில் எலும்பு செய்கிறவள்.
இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் துண்டாக
அவர் தொடையை அரிந்தேன்.
யார் எவ்வளவு தள்ளலாம், எவ்வளவு தாங்கலாம் என்று
வரப்புத் தகராறில் பங்காளிகள் போல
துண்டும் துண்டும் ராத்திரி முழுக்கப் பேசின.
இரண்டு முறை கரண்ட் போனது.
முதலிலிருந்து பேசின.

சூத்திரம் ஒன்றுதான்.
படத்தில் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அடர்த்தி,
எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பலம்.
பனி பெய்யும் ஏதோ ஊரில்
செத்தவர்கள் கொடுத்துவிட்டுப் போன எலும்பையெல்லாம்
நொறுக்கிப் பார்த்து எழுதிய வரி.
நான் அதில் கைவைக்கவில்லை.

மாதையன் எலும்பு
பொங்கலுக்குச் சுண்ணாம்படித்த சுவர்.
திரையில் பக்கவாட்டில் தள்ளிவிட்டேன்.
விழுந்தார், ஒன்றும் ஆகவில்லை.
எடையைக் கூட்டித் தள்ளினேன்.
முழுக்க நீலம். ஓரிடத்திலும் சிவப்பு இல்லை.
'உறுதி' என்று அறிக்கை எழுதி
டாக்டர் அமுதினிக்கு அனுப்பிவிட்டு
சாப்பிடப் போனேன்.

பதினோராம் நாள்
தர்மபுரி பஸ் நிலையத்தில்
டவுன் பஸ்ஸின் கடைசிப் படியில்
முக்கால் அடி
சறுக்கினார்.
சாக்பீஸ் உடைகிற சத்தம் என்றாராம் கண்டக்டர்.

கறுத்ததெல்லாம் தண்ணீர், வெளுத்ததெல்லாம் பால் என்று
நம்புகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும்.
என் நிரலைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.
ஃப்ளோரைடு குடித்த எலும்பு
வெளுப்பாகத்தான் இருக்கும், கனக்கத்தான் செய்யும்.
உள்ளே முறுக்கு மொறுமொறுப்பு.
இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்
பழுப்புப் பல்லைக் காட்டியே சொல்லியிருப்பார்கள்.
என் பல்லும் பழுப்புத்தான்.
தினமும் கண்ணாடியில் பார்த்துத் தேய்த்துவிட்டுத்தான்
வேலைக்கு வருகிறேன்.

தகடும் திருகாணியுமாகப் படுத்திருந்தார்.
மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்,
லேப்டாப்பைத் திறந்துவிட்டேன்.

'இது என் காலா?'
உங்கள் கால் மாதிரி.
'மாதிரி நடக்குமா?'
இல்லை. விழும்.
விழ மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வெகுநேரம் பார்த்தார்.
நீலத்தில் அவர் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்.

'போர் போடறதுக்கு முன்னால
உள்ளங்கையில தேங்காய வெச்சிக்கினு ஒருத்தர் நடப்பாரு.
தேங்கா எழுந்து நின்னா அங்க தண்ணி.
புகை வந்தா தேங்காய யாரும் திட்டறதில்ல.
அடுத்த பாயிண்ட் எங்கன்னு கேப்போம்.'
இடது தொடையைத் தட்டினார்.
'இது எங்க உடையும், அதச் சொல்லு.'

அறுவையில் வந்த ஒரு சில்லை
அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
கொள்ளு அளவு.
இயந்திரத்தில் வைத்து மெதுவாக நெருக்கினேன்.
சூத்திரம் சொன்ன பலத்தில் பாதிகூட வரவில்லை.
வரைபடத்தில்
பனி ஊரின் ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள் கூட்டமாக,
கீழே தள்ளி, தனியாக, ஒரே ஒரு புள்ளி.

ஒரு புள்ளியை வைத்துக் கோடு போடக் கூடாது.
தெரியும்.
பாப்பாரப்பட்டியிலிருந்து ஒருவர்,
பாலக்கோட்டில் இரண்டு பேர்
சில்லு தரச் சம்மதித்திருக்கிறார்கள்.
அவர்களுக்கும் உடைந்த பிறகுதான் கேட்டேன்.

இடது கால் இன்றிரவு ஓடுகிறது.
கரண்ட் போகாமலிருந்தால்
நாலு மணிக்குத் தெரியும்.