வாரிசுச் சான்று

அப்பாவைக் காமாலை என்றுதான் எரித்தோம்.
கீழாநெல்லி அரைத்த அம்மி
காரியம் முடியும்வரை பச்சையாகவே கிடந்தது.
என் காமாலைக்கு வேலூரில் வேறு பெயர் வைத்தார்கள்.
கணையம்.
அப்படி ஓர் உறுப்பு எனக்குள் இருப்பதை
ஐம்பத்தெட்டு வயதில்
ஸ்கேன் அறை வாசலில் தெரிந்துகொண்டேன்.

பாகாயம் பஸ்ஸின் ஹாரன் உள்ளே வரைக்கும் கேட்கும் அறை.
மரபணு ஆலோசகர் ஜெபசீலி
வெள்ளைத் தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தாள்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
செத்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு.
அப்பா மேல் கோடு.
மார்க்கட்டியோடு போன தேசம்மா அத்தை மேல் கோடு.
"கூடப் பிறந்தவங்க?"
"ஒரு தம்பி" என்றேன்.
குடியாத்தம் தாலுகா ஆபீஸில்
வாரிசு மனுவிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது.
நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவன் நான்.
பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்
ஆளை ஆறு மாதம் நடக்கவிட்டிருக்கிறேன்.
இப்போது என் ரத்தத்தில் ஓர் எழுத்துப் பிழை.
அதனால் வந்த நோய்
அதனாலேயே ஒரு மருந்துக்கு மடங்குமாம்.
பிளாட்டினம் கலந்த சொட்டு முதலில்,
கேட்டால், பிறகு மாத்திரை.
குணம் என்று அவள் சொல்லவில்லை.
கொஞ்சம் காலம் என்றாள்.

"அப்பா வழியா வந்திருக்கலாம் சார்.
தம்பிக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, வரச் சொல்லுங்க."

பேனாவை வாங்கி
தம்பியின் சதுரத்துக்குப் பக்கத்தில்
ஒரு வட்டம் போட்டேன்.
கோணலாக வந்தது.
அவள் எதுவும் கேட்கவில்லை.

வனரோஜா.
பேரணாம்பட்டுத் தோல் ஷாப்காரனோடு அவள் போன அன்று
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா சொன்னார்,
"அவ என் ரத்தமே இல்ல."
இருபத்திரண்டு வருஷம்
அந்தச் சொல்லுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நான்.
இன்றைக்குத்தான் வேண்டிக்கொண்டேன்
அது நிஜமாக இருக்கட்டும் என்று.

வங்காளத்தில் போர்டு எழுதிய லாட்ஜ் வாசலில் நின்று
தம்பி பெண்டாட்டியிடம் நம்பர் வாங்கினேன்.
அவளிடம் எப்போதும் இருந்திருக்கிறது.

எல்லாம் சொன்னேன்.
அந்தப் பக்கம் குக்கர் மூன்று தரம் கத்தி ஓய்ந்தது.
"இன்னா, வெறும் வயித்துலயா வர்ணும்?"
"வேணாம்.
சாப்ட்டே வா."