மீஞ்சூருக்குச் சுற்று வழி

மீஞ்சூர் வடக்கே இருக்கிறது.
அமுலு தெற்கே கையைக் காட்டினாள்.
"ராயபுரம் ஸ்டேஷன ஒரு தபா பாத்துட்டுப் போலாம்."
டில்லிபாபு கியரிலிருந்து கையை எடுத்து
எங்கள் இருவரையும் பார்த்தான்.
குட்டி யானைக்கு வாடகை நடைக்கணக்கு.
ஊர் சுற்றுவதற்குக் கணக்கு அவனிடம் இல்லை.

பிரிட்ஜைப் படுக்க வைக்கக் கூடாதாம்.
பீரோவைப் படுக்க வைக்க இடமில்லையாம்.
இரண்டும் நைலான் கயிற்றைப் பிடித்து நின்றபடி வந்தன,
கல்யாண வேனில் சீட் கிடைக்காத
சம்பந்திகள் மாதிரி.

நாற்பத்தோரு வருஷம் தண்டையார்பேட்டையில் இருந்தவள்
இன்றைக்குத்தான் அந்த ஸ்டேஷன் தூண்களை எண்ணுகிறாள்.
எத்தனை என்று கேட்காதீர்கள்.
நடுவில் ஒரு மாடு மறைத்தது.

காசிமேட்டில் ஏலம் முடிந்திருந்தது.
ஐஸ் உருகிய தண்ணீரில் செருப்போடு நின்று
கடைசிக் கூடை காரப்பொடிக்கு முக்கால் மணி நேரம் பேரம்.
"குடி போற அன்னிக்கி மீனா?"
"பால்தான் போன வெள்ளிக்கிழமையே காய்ச்சியாச்சே.
இன்னிக்கி கொழம்பு."
அரைக் கிலோ கேரி பேக்
கதவுக் கைப்பிடியில் தொங்கியது.
டில்லிபாபு மூச்சு விட்டான். பேசவில்லை.

எக்ஸ்பிரஸ் சாலையில் டிரைலர்கள்
பெட்டி பெட்டியாக நின்றன. ரயிலாவது நகரும்.
கயிறு பார்க்க இறங்கிப் பின்னால் போனேன்.
பீரோக் கண்ணாடி வெளியே பார்த்திருந்தது.
அதற்குள் கொஞ்சம் கடல்,
கடலுக்குக் கொட்டிய கருங்கல்,
சட்டையில்லாத ஒரு கிளீனர் பையன்
தலை சீவிக்கொண்டிருந்தான்.
அந்தக் கண்ணாடியில்தான்
ஒரே பொட்டு அட்டையை இரண்டு பேரும் தீர்த்தோம்.
தனித்தனியே அழுதுவிட்டு வந்து
அடுத்தடுத்து முகம் துடைத்தோம்.
அவன் வகிடு எடுத்து முடிக்கும்வரை நின்றேன்.

திருவொற்றியூர் கோபுரத்துக்கு
ஓடும் வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு.
எர்ணாவூரில் காற்று கண்ணைக் கரித்தது.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம்.
கண் கரிப்பது நிற்கவில்லை.

தாழங்குப்பத்தில் உடைந்த பாலம்.
கடலுக்குள் பாதி தூரம் போய்
யோசனை மாறி நின்றுவிட்டது.
"இதுக்கா வந்தோம்?"
"சினிமாவுல பெருசா இருந்துச்சுடீ."
வேர்க்கடலை வாங்கி உட்கார்ந்தோம்.
கரண்டு பில் பற்றித் தை மாசம்
நான் சொன்ன ஒரு வார்த்தை
அங்கேயும் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தது.
அது கடலை சாப்பிடவில்லை.
அமுலு தோலை ஊதினாள்.
காற்று அதை என் மடிக்கே கொண்டுவந்தது.
டில்லிபாபு எங்களை ஒரு போட்டோ எடுத்தான்.
பாதி அவன் கட்டைவிரல்.

முகத்துவாரத்தில் கழுத்தளவுத் தண்ணீர்.
பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு
கையால் இறால் தடவுகிறார்கள்.
பின்னால் புகைபோக்கிகள்.
"கைக்குக் கண்ணு இருக்கணும் இதுக்கு" என்றாள்.
வண்டியில் ஏறியபின், ரொம்ப நேரம் கழித்து,
"நீ சொன்னதுக்காவப் போகல" என்றாள்.
"பின்ன?"
ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

புது வீட்டு மாடிப்படித் திருப்பத்தில்
பீரோ திரும்ப மறுத்தது.
கயிறு கட்டி பால்கனி வழியாக இழுத்தோம்.
ஒரு நிமிஷம் மீஞ்சூர் வானம் முழுக்க
கண்ணாடிக்குள் தொங்கியது.

ஆறேகால் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது.
எண்ணூருக்கு முன்னால்
பாலத்தில் தடதடக்கும்போது
கைக்குட்டை தேடிப் பையில் கையை விட்டேன்.
கேஸ் ரெகுலேட்டர்.
"பத்தரமா வெச்சிக்கோ" என்று
காலையில் அவளே கொடுத்தது.
இந்நேரம் காரப்பொடி கழுவி
மஞ்சள் போட்டிருப்பாள்.

போன் அடித்தேன்.
"தெரியும்" என்றாள். "எங்க இருக்க?"
"எண்ணூர் வருது."
"எறங்கி அந்தப் பக்கம் போய் நில்லு.
வரும்போது கருவேப்பிலை கெடச்சா வாங்கினு வா."