மேடன் வார்ஃப், ஏழாம் கிடங்கு

வெல்லா விற்கவில்லை.
இதைக் கண்டுபிடிக்க மூன்று கூட்டம், ஒரு வண்ண வரைபடம்,
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து விமானத்தில் வந்த ஒருவர்.
கிடங்குக் கதவைத் திறந்தாலே தெரியும்:
கூரை வரை அட்டைப்பெட்டி,
ஒவ்வொன்றிலும் அதே பையன், அதே சிரிப்பு,
ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு முறை.

அந்தச் சிரிப்பைக் குறைப்பது என் வேலை.
சத்தமில்லாமல்.

அடுத்தது மார்ச்சில் வருகிறது.
அதன் பெயரை வீட்டில்கூட உச்சரிக்க மாட்டேனென்று
நான்கு பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.
என் கணவர் பூபாலனுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு
சனிக்கிழமை இரவுத் துனீ சீட்டு.
அவரிடமும் சொல்லவில்லை.

இன்று விலையை இறக்கினால் ஊர் மோப்பம் பிடித்துவிடும்.
இறக்காவிட்டால் மார்ச்சில் இதையெல்லாம் எடைக்குப் போட வேண்டும்.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம்,
சோறு போதுமான அளவு இருந்தால்.
எனக்கு அளந்து தந்திருக்கும் சோறு
பிப்ரவரி கடைசி வரை.

ஆகவே சாட்ஸ்வர்த் கடைக்கு நான்கு,
ஃபீனிக்ஸுக்கு நான்கு, பைன்டவுனுக்கு இரண்டு,
டொங்காட்டுக்கு ஒன்றுமில்லை.
கேட்டால் தீர்ந்துவிட்டதென்று சொல்லச் சொன்னேன்.
மூன்று வருடம் யாரும் கேட்காத பெட்டியை
டொங்காட்டில் இந்த வாரம் ஒன்பது பேர் கேட்டிருக்கிறார்கள்.
நவம்பர் தள்ளுபடிக்குத் தொள்ளாயிரம்,
இரண்டாவது கைப்பிடி இலவசம்:
விலைபோகாத மாட்டுக்குக் கொம்பில் வர்ணம்.

இதற்கு நடுவில் கப்பல் ஒன்று.
ஏப்ரலில் யாரோ ஆர்டர் போட்டு, ஜூனில் வேலையை விட்டுப் போய்,
அக்டோபரில் ஆயிரத்து நூறு வெல்லாக்கள்
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கின்றன.
தென்மேற்குக் காற்று. ஐந்து நாளாகக் கிரேன் அசையவில்லை.
ஆரஞ்சுப் பழம் ஏற்றுபவர்கள் காற்றைத் திட்டுகிறார்கள்,
லாரிக்காரர்கள் திட்டுகிறார்கள்.
நான் மட்டும் ஜன்னலோரம் நின்று
இன்னும் கொஞ்சம் அடி, தாயே, என்கிறேன்.

வாயிலில் காவலுக்கு நிற்பவர் பெகிதெம்பா.
க்ரே தெருக் கடையொன்றில் மகளுக்காக வெல்லாவுக்குத் தவணை கட்டுகிறார்.
மாதம் முந்நூற்றைம்பது ராண்ட்.
கட்டி முடித்த பிறகுதான் பெட்டி கைக்கு வரும்.
பத்தில் ஆறு முடிந்தது. ரசீதுகளை மடித்து
அடையாள அட்டைக்குப் பின்னால் செருகியிருக்கிறார்.
கடைசித் தவணை பிப்ரவரி.
மார்ச்சில் அந்த விலைக்கு இரண்டு வாங்கலாம்.

மூன்று நாள் வாயிலருகே காரை மெதுவாக்கினேன்.
நான்காம் நாள் கண்ணாடியை இறக்கி,
"பெகி, அதை இப்போதே வாங்கியாக வேண்டுமா?" என்றேன்.
அந்த நான்கு பக்கத்தில்
கேள்வி கேட்கக் கூடாதென்று எங்கும் இல்லை.

அவர் சிரிக்கவில்லை. வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.
போன வியாழன், காலை 6.40, வெள்ளை வேன்,
ஜோகன்னஸ்பர்க் எண்.
என்ன சரக்கென்று கேட்டதற்கு ஓட்டுநர் சொன்னதை
அப்படியே எழுதியிருக்கிறார்:
ரகசியம், ஒன்று.

"மிஸஸ் மூட்லி, புதுசு வந்தால்
பழைய டிஸ்க்கெல்லாம் இருபது ராண்டுக்கு வரும்.
என் தங்கை பையன் வாங்கின முந்தைய மெஷினுக்கும் அப்படித்தான் ஆனது.
பெட்டி ஒரு தடவை. டிஸ்க் வருஷம் முழுக்க.
அவளுக்கு வேண்டிய குதிரை விளையாட்டு
புதுசில் வருமா என்று உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.
எனக்கு அனுப்பிய தாள்களில் குதிரை இல்லை.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது. தடுப்பைத் தூக்கினார்.

உள்ளே வந்து ஒரு பெட்டியைத் தனியே எடுத்து வைத்தேன்,
மூலை நசுங்காத ஒன்றை,
சிரிப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி.
ஆறாயிரத்து நானூற்றுப் பதினொன்று.

மூன்று மணிக்கு மின்சாரம் போனது. கணினியும்.
இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன்,
தகரக் கூரை சத்தம் போடவில்லை.
காற்று நின்றிருந்தது.
தூரத்தில் ஒரு கிரேன் கழுத்தை நீட்டியது.