முப்பத்தொன்று

ஹாகனில் மழை. அது செய்தி அல்ல.
பயிற்சியாளர் எக்ஹார்ட் கொவோலிக் செத்து
இன்றைக்கு முப்பத்தோராம் நாள்.
விரல் மடித்து எண்ணிக்கொண்டு வந்தவள்
இந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான்.
இடைவேளைச் சொசேஜ் வேண்டாம் என்றேன்,
வயிறு சரியில்லை என்று பொய் சொன்னேன்.
மரக்கறி நாள் என்று
யாருக்கு, எந்த மொழியில் விளங்கப்படுத்த?

வீட்டில் கேட்டார்கள்: "அவன் உனக்கு என்ன முறை?"
மச்சாளின் தமையனுக்கும்
சம்பந்தியின் தங்கைக்கும் முறை வைத்திருக்கிற எங்களிடம்
இதற்கு ஒன்றுமில்லை.
லீவுத் துண்டில் காரணம் எழுதும் கோட்டில்
பேனையை வைத்து எடுத்ததில்
ஒரு புள்ளி மட்டும் விழுந்தது.

எச் பகுதி, பதினோராம் வரிசை.
இந்தப் பக்கம் செர்ஹாட்,
மேளத்தை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறான்.
அந்தப் பக்கம் டில்மன் அம்மா,
பதினாறு வருடமாய் அதே மஞ்சள் சால்வை.

முதலில் துவாயைப் பற்றித்தான் கதைத்தோம்.
தோளில் போடமாட்டார். முறுக்குவார்.
ஈரமே இல்லாத துவாயை
நாற்பது நிமிடமும் பிழிவார்.
வென்ற இரவுகளில்
அதற்கு எலும்பெல்லாம் முறிந்திருக்கும்.

பிறகு அந்தக் கடைசி டைம்-அவுட்.
ஒன்பது செக்கன் மிச்சம், ஒரு புள்ளி பின்னால்.
பலகையில் கோடு கீறாமல்
லிதுவேனியப் பெடியனின் காலடியில் குந்தி
சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டாரே!
இரட்டை முடிச்சு என்றாள் டில்மன்.
ஒற்றை என்றான் செர்ஹாட்.
கண்ணால் கண்டதாக இருவரும் சத்தியம் செய்தார்கள்.
பந்து வளையத்துக்குள் போனதா என்று கேட்டேன்.
இருவருக்கும் ஞாபகம் இல்லை.

"என் அக்கா மகனை மூன்று வருடம்
வாங்கிலேயே இருத்தி வைத்தார்" என்றான் செர்ஹாட் திடீரென்று.
"வியர்க்காத சட்டையைத்தான் அக்கா தோய்த்தாள்.
இப்போது அவன் டயர் மாற்றுகிறான்.
அதையும் சொல்லத்தானே வேண்டும்?"
டில்மன் சால்வையை இழுத்துவிட்டாள்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

என்னுடையதை நான் சொல்லவில்லை.
கீழ்ப் பிரிவுக்கு விழுந்த வருடம்,
முப்பத்தொரு புள்ளியால் தோற்ற இரவு.
ஆம், அதே எண். அதற்கு நான் என்ன செய்ய?
மண்டபம் காலியாக, நின்ற சிலரிடம்
பழுதான முழங்காலோடு படியேறி வந்து
ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்.
சுருள்வில் ஆலையிலிருந்து நேரே வந்தவள் நான்,
எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்தேன்.
எட்டிப் பிடித்தார்.
"நாளைக்கும் வேலையா?"
"விடிய ஐந்துக்கு."
"கொடுத்துவைத்தவள். எனக்கு நாளைக்கு
வேலை இருக்குமோ தெரியாது" என்று சிரித்தார்.
துவாயால் தன் கையைத் துடைக்காமலே
அடுத்தவருக்கு நீட்டினார்.

இப்போது எல்லோரும் எழும்புகிறோம்.
ஒரு நிமிடம் அல்ல, இருபத்துநாலு செக்கன் மௌனம்:
ஒரு தாக்குதலுக்கு உள்ள நேரம்.
கூடைக்கு மேலே சிவப்பு எண்கள் இறங்குகின்றன.
பத்தொன்பதில் யாரோ இருமினார்.
பதினொன்றில் செர்ஹாட் என் முழங்கையைத் தட்டினான்.
கீழே, மூன்றாம் வரிசையில், வேலைச் சட்டையோடு
அவன் அக்கா மகன்.
தலை குனியவில்லை. கை கட்டவில்லை.
ஆனால் வந்திருக்கிறான்.

மூன்று. இரண்டு. ஒன்று.
ஹோர்னை நிறுத்தி வைக்க மறந்துபோனார்கள்.
காது கிழிய அது அலற
மூவாயிரம் பேரும் ஒரே நேரத்தில்
வாங்கின் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தோம்,
இப்போது கிழி விழும் என்று.

புதியவர் அங்கே நின்றார்.
அவருடைய துவாய்
நாலாய் மடித்தபடி கதிரையில் இருந்தது.